நிலம் இல்லை என்று சொன்ன தேசம்: 1865க்குப் பிந்தைய அமெரிக்கா

வாசகர் கேள்வி, மார்ச் 2

உள்நாட்டுப் போர் முடிந்தபோது அமெரிக்காவின் தெற்குப் பாதி சாம்பல். ஆறு லட்சத்துக்கும் மேல் சாவு. முப்பத்தைந்து வருஷத்தில் உலகத்தின் முதல் தொழில் நாடாகிவிட்டார்கள். எப்படி? என் பதில் இதுதான்: அரசாங்கம் குறுக்கே நிற்கவில்லை, வந்தவர்கள் உழைத்தார்கள், முன்னேறினார்கள். மறுப்பவர்கள் சொல்லலாம்.

மார்ச் 2, இரவு

மறுக்கிறேன். உழைத்தார்கள் என்பதில் சண்டையே இல்லை. "அரசாங்கம் குறுக்கே நிற்கவில்லை" என்பதுதான் இடிக்கிறது.

1862ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போர் உச்சத்தில் இருக்கிறது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோய்ப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் உறுப்பினர்கள் காங்கிரஸை (அமெரிக்க நாடாளுமன்றத்தை) விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் இருந்தவரை முட்டுக்கட்டை போட்டு வைத்திருந்த சட்டங்களெல்லாம் வரிசையாக நிறைவேறுகின்றன. மே 20 அன்று ஹோம்ஸ்டெட் சட்டம்: ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் வைத்தால் 160 ஏக்கர், செலவு பதிவுக் கட்டணம் மட்டும். ஜூலை 1 அன்று பசிபிக் ரயில் சட்டம். மறுநாளே விவசாயக் கல்லூரிகளுக்கு நிலம் ஒதுக்கும் மாரில் சட்டம். ஆறே வாரத்தில் மூன்று. ஒதுங்கி நின்ற அரசாங்கம் செய்கிற வேலையா இது? இந்தக் கதையில் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அரசாங்கம் நிலம் பங்கு போட்டுக்கொண்டே இருக்கிறது. யாருக்குப் போட்டது, யாருக்குக் கையை விரித்தது என்று பார்த்தால் மீதிக் கதை தானே வரும்.

மார்ச் 3

ரயில் கணக்கு. 1862 சட்டப்படி ஒரு மைல் தண்டவாளம் போட்டால் கம்பெனிக்குப் பத்து சதுர மைல் நிலம். அது போதாது என்று 1864ல் இருபதாக்கினார்கள். அதாவது மைலுக்கு 12,800 ஏக்கர். இதற்கு மேல் அரசுக் கடன் பத்திரம் வேறு: சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மேட்டு நிலத்தில் 32,000, மலையில் 48,000. 1850லிருந்து 1871 வரை மத்திய அரசு ரயில் கம்பெனிகளுக்குக் கொடுத்த நிலம் சுமார் 13 கோடி ஏக்கர். நான்கு தமிழ்நாடு சேர்ந்தால்தான் அவ்வளவு பரப்பு வரும்.

கம்பெனிகள் அந்த நிலத்தைச் சும்மா வைத்திருக்கவில்லை. ஐரோப்பாவுக்கு ஆள் அனுப்பின, ஜெர்மன், ஸ்வீடிஷ் மொழிகளில் விளம்பரம் அச்சடித்தன, குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்து தவணையில் விற்றன. வாங்கியவன் விளைவிக்கும் கோதுமை அதே ரயிலில்தானே போக வேண்டும்? நிலம் விற்ற காசும் அவர்களுக்கு, சரக்குக் கூலியும் அவர்களுக்கு.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

"கார்னகி தன் சொந்தத் திறமையில் வரவில்லையா" என்று கேட்டவருக்கு. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி திறமைசாலிதான், மறுக்கவில்லை. பிட்ஸ்பர்க் பக்கத்தில் பிராடாக்கில் 1875ல் எஃகு ஆலை தொடங்கினார். எட்கர் தாம்சன் என்று பெயர் வைத்தார். அது பென்சில்வேனியா ரயில் கம்பெனித் தலைவரின் பெயர். தண்டவாள ஆர்டர் எங்கிருந்து வரும் என்று தெரிந்த ஆள். ஆனால் இங்கிலாந்திலிருந்து வரும் எஃகுத் தண்டவாளத்துக்கு 1870லிருந்தே டன்னுக்கு 28 டாலர் இறக்குமதி வரி இருந்தது. அந்தச் சுவருக்குள்ளேதான் ஆலை வளர்ந்தது. போர் முடிந்தபோது நாடு முழுக்க 35,000 மைல் ரயில் பாதை. 1900ல் 1,93,000 மைல். இத்தனை தண்டவாளமும் யாரோ உருக்கிக் கொடுத்தது, யாரோ கொள்முதல் செய்தது. இரண்டு பக்கமும் அரசாங்கத்தின் கை இருந்தது.

தொழில் பற்றி இவ்வளவு போதும். எனக்கு நிலம்தான் முக்கியம்.

மார்ச் 5

இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

1865 ஜனவரி 12, ஜார்ஜியா மாநிலம் சவானா நகரம். வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் ஊரைப் பிடித்து மூன்று வாரம் ஆகிறது. போர் அமைச்சர் ஸ்டான்டன் வாஷிங்டனிலிருந்து வந்திருக்கிறார். இருவரும் ஒரு பெரிய வீட்டின் மாடியில் கறுப்பின மக்களின் இருபது மதகுருமார்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். அந்த இருபது பேரில் பலர் அடிமையாகப் பிறந்தவர்கள். சிலர் படை வந்த பிறகுதான் விடுதலை ஆனவர்கள். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃபிரேசியர். வயது 67. தன்னையும் தன் மனைவியையும் ஆயிரம் டாலர் தங்கமும் வெள்ளியுமாகக் கொடுத்து விலைக்கு வாங்கி மீட்டவர்.

உங்களை நீங்களே எப்படிக் காப்பாற்றிக்கொள்வீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எழுத்தில் பதிவாகியிருக்கிறது: நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பாலேயே உழுது பயிரிட வேண்டும், அதுதான் நல்ல வழி. வெள்ளையரோடு கலந்து வாழ்வீர்களா, தனியாகவா என்றும் கேட்டார்கள். தனியாக என்றார், தெற்கில் எங்கள் மேல் இருக்கிற துவேஷம் போக வருஷக்கணக்காகும் என்று காரணமும் சொன்னார். இருபது பேரில் ஒருவர் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான்கு நாளில் ஷெர்மனின் 15ஆம் எண் களக் கட்டளை வந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை கடலோரத் தீவுகள், உள்ளே முப்பது மைல் வரை கைவிடப்பட்ட நெல் வயல்கள், எல்லாம் விடுதலையானவர்களுக்கு. குடும்பத்துக்கு நாற்பது ஏக்கருக்கு மிகாமல். ஜூன் மாதத்துக்குள் சுமார் 40,000 பேர் நான்கு லட்சம் ஏக்கரில் குடியேறி விதை போட்டுவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் கையில் இருந்தது சுவாதீனச் சீட்டு மட்டும். நிலத்தில் இருக்கலாம், அனுபவிக்கலாம். கிரயப் பத்திரம் கிடையாது. நிலம் வைத்திருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

மார்ச் 6

தொடர்ச்சி. ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். துணை அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதிபரானார். மே மாத இறுதியில் பொதுமன்னிப்பு அறிவித்தார். மன்னிப்பு வாங்கியவனுக்குச் சொத்தும் திரும்ப உண்டு, அடிமைகள் நீங்கலாக. விடுதலையானவர்களுக்காக அமைத்த ஃபிரீட்மென்ஸ் பீரோவின் தலைவர் ஜெனரல் ஹோவர்ட், ஜூலையில் நாற்பது ஏக்கர் நிலங்களைத் தனியே ஒதுக்கி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார். செப்டம்பரில் ஜான்சன் அதை ரத்து செய்ய வைத்தார்.

அக்டோபரில் ஹோவர்டையே அந்தக் கடலோரத் தீவுகளில் ஒன்றான எடிஸ்டோவுக்கு அனுப்பினார்கள், போய் அந்த மக்களிடம் சொல் என்று. ஒரு தேவாலயத்தில் ஆயிரக்கணக்கில் கூடியிருந்தார்கள். நிலத்தைப் பழைய முதலாளிகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர்களோடு ஒப்பந்தம் போட்டு வேலை பாருங்கள், அவர்களை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹோவர்ட் நல்ல மனிதர்தான். போரில் வலது கையை இழந்தவர்.

தீவு மக்களின் குழு அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கையெழுத்திட்டவர்கள் மூவர்: ஹென்றி பிராம், இஷ்மேல் மோல்ட்ரி, யேட்ஸ் சாம்ப்சன். எழுத்துப் பிழைகள் நிறைந்த கடிதம். படிக்கக் கற்றுக்கொள்வதே சட்ட விரோதமாக இருந்த ஊரில் வளர்ந்தவர்கள். அவர்கள் சொல்வது இது: எங்கள் தீவின் நில முதலாளிகளை மன்னிக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் போரில் வலது கையை மட்டும்தான் இழந்தீர்கள், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் தங்கையையும் துணியை உரிந்து அடித்தவனை, அவன் சொல்கிற கூலிக்கு வேலை பார்க்க ஒத்துக்கொண்டால்தான் அவனுடைய காலிக் குடிசையில்கூடத் தங்கவிடுவேன் என்கிறவனை, நான் எப்படி மன்னிப்பேன்?

இதைப் படித்த அன்று இரவு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. இருபது மதகுருமார்கள் அமைச்சர் முன்னால் மரியாதையாகப் பேசிய பேச்சு ஒரு பக்கம், ஒன்பதே மாதம் கழித்து இந்தக் கடிதம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே கோரிக்கை.

மார்ச் 6, பிற்பகல்

கோவேறு கழுதை எங்கே என்று கேட்டவருக்கு: கட்டளையில் நாற்பது ஏக்கர் மட்டும்தான் உண்டு. கழுதைகள் பிற்பாடு ராணுவத்திலிருந்து இரவலாக வந்தவை. "நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்" என்று வாய்வழியாக ஒட்டிக்கொண்டது.

மார்ச் 8

"ஒருவன் சொத்தைப் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுப்பது எந்த நியாயம்?" நியாயமான கேள்விதான். இரண்டு பதில்.

ஒன்று. பென்சில்வேனியாவின் காங்கிரஸ் உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் 1865 செப்டம்பரில் கணக்கே போட்டுக் காட்டினார். தெற்கில் இருநூறு ஏக்கருக்கு மேல் வைத்திருக்கிற எழுபதாயிரம் பேரின் நிலத்தை எடு. விடுதலையான ஒவ்வொரு ஆணுக்கும் நாற்பது ஏக்கர் கொடு. மீதியை விற்றுப் போர்க் கடனை அடை. பத்தில் ஒன்பது வெள்ளைக் குடும்பத்தின் சொத்தில் கை வைக்கவே வேண்டியதில்லை. தேசத்துக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர்களின் நிலம் அது. இருநூறு வருஷம் கூலி வாங்காமல் திருத்தியவர்கள் அந்த மக்கள். அவர் கட்சிக்காரர்களே பயந்தார்கள். தெற்கில் பறித்தால் நாளைக்கு வடக்கில் ஆலைத் தொழிலாளி கேட்கமாட்டானா என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். திட்டம் நிறைவேறவில்லை.

இரண்டு. மேற்கில் பங்கு போட்ட நிலம் யாருடையது? அதற்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். 1868ல் லாரமி கோட்டை ஒப்பந்தத்தில் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி லகோட்டா பழங்குடி மக்களுக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். 1874ல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது. 1877ல் எடுத்துக்கொண்டார்கள். அந்த வழக்கு 1980 வரை நடந்து, எடுத்தது தவறு, நஷ்டஈடு கொடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் வேண்டாம், மலையைக் கொடு என்று லகோட்டா மக்கள் இன்றுவரை தொடாமல் இருக்கிறார்கள். 1887ல் டாஸ் சட்டம் வந்து பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனிப் பங்காகப் பிரித்தது, மிச்சத்தை உபரி என்று விற்றது. அந்த வருஷம் அவர்களிடம் 13.8 கோடி ஏக்கர். 1934ல் 4.8 கோடி.

ஆகவே பிடுங்கிக் கொடுப்பதில் அரசாங்கத்துக்குக் கூச்சம் இருந்ததில்லை. யாரிடமிருந்து என்பதில்தான் இருந்தது.

மார்ச் 9

நான் இருப்பது கலிபோர்னியாவில், சாக்ரமென்டோ பக்கம். சியரா மலைக்கு வண்டியில் ஒன்றரை மணி நேரம். டோனர் கணவாயில் பழைய ரயில் குகை ஒன்று இருக்கிறது, ஆறாம் எண். 1993ல் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், அதன் பிறகு பலரும் உள்ளே நடந்து போவதுண்டு. 1,659 அடி. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே கால் சில்லிடும், மேலிருந்து தண்ணீர் சொட்டும். டார்ச்சைச் சுவரில் சாய்த்துப் பிடித்தால் கருங்கல்லில் அரை வட்டமான பள்ளங்கள் நீள நீளமாகத் தெரியும். கையால் துளை போட்ட தடம். ஒருவர் உளியைப் பிடித்து ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருக்க, இருவர் மாற்றி மாற்றிச் சம்மட்டியால் அடிப்பார்கள். துளையில் வெடி வைத்துத் தகர்ப்பார்கள். இவ்வளவு செய்தால் ஒரு முகப்பில் ஒரு நாளைக்கு ஓர் அடி நகரும். இரண்டு முனையிலிருந்தும் குடைந்தது போதாமல், நடுவில் கிணறு மாதிரி இறக்கி அங்கிருந்து இரண்டு பக்கமும் குடைந்தார்கள். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தால் முழுசாகப் பதியும்.

அடித்தவர்கள் சீனத்தின் குவாங்டொங்கிலிருந்து வந்த இளைஞர்கள். சென்ட்ரல் பசிபிக் கம்பெனியில் பத்தாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். 1866-67 குளிர்காலத்தில் பனிக்குள்ளேயே சுரங்கப் பாதை வெட்டிக்கொண்டு குடியிருந்தார்கள். பனிச்சரிவில் கூடாரத்தோடு போனவர்களை வசந்தத்தில்தான் எடுக்க முடிந்தது. வெள்ளைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கம்பெனிச் சாப்பாடு. இவர்களுக்குச் சம்பளம் மட்டும், அரிசியும் காய்ந்த மீனும் அவர்கள் செலவு. 1867 ஜூனில் மாதம் 40 டாலரும் குகை வேலைக்குக் குறைந்த நேரமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அடிதடி இல்லை, அமைதியாக முகாமில் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனிப் பங்காளி சார்ல்ஸ் கிராக்கர் உணவு வண்டிகளை நிறுத்தினார். ஒரு வாரத்தில் பசி முறித்தது.

இதே சமயத்தில் கம்பெனிப் பங்காளிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில் ஒரு யோசனை வருகிறது: தெற்கில் விடுதலையான கறுப்பின ஆட்களைக் கொண்டுவந்தால் சீனர்களை அடக்கி வைக்கலாம், சீனர்களை வைத்து ஐரிஷ்காரர்களை அடக்கியது போல. நிலம் கிடைக்காதவர்களுக்கு யாரெல்லாம் காத்திருந்தார்கள் பாருங்கள்.

மார்ச் 10

நேற்றையதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. ஹோம்ஸ்டெட் நிலத்துக்கு விண்ணப்பிக்க குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடிமகன் ஆகப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நார்வேயிலிருந்து நேற்று இறங்கியவர் எழுதிக் கொடுத்து 160 ஏக்கருக்குப் போய்விடலாம். சீனரால் முடியாது. 1790 சட்டப்படி வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம். 1870ல் அதில் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். வெள்ளையர் என்ற சொல்லையே எடுத்துவிடுவோம் என்று செனட்டர் சம்னர் போராடினார். சீனர்கள் வந்துவிடுவார்கள் என்று தோற்கடித்தார்கள். பாதை போட்டவர்களுக்குப் பாதையோர நிலத்தில் உரிமையில்லை. 1882ல் சீனத் தொழிலாளர் நுழையவே தடை. 1885ல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 28 சீனர்களைக் கொன்றார்கள்.

நமக்கும் அந்தச் சட்டம்தான். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்டுக்கு 1923ல் உச்ச நீதிமன்றம் குடியுரிமை மறுத்தது. இங்கே பக்கத்தில் யூபா சிட்டி பீச் பழத் தோட்டங்களில் இருந்த பஞ்சாபிகள் நிலத்தைத் தங்கள் பெயரில் எழுத முடியாமல் தெரிந்தவர்கள் பெயரில் எழுதிப் பயிர் செய்தார்கள். 1946 வரை இந்தியருக்கு இதுதான் நிலை. நான் இங்கே வீடு கிரயம் செய்தபோது வழக்கறிஞர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். யாரும் என் தோலைப் பற்றிக் கேட்கவில்லை. அது தானாக வந்த வசதி இல்லை.

அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களுக்காக எழுதிய அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் (1868) இதில் ஒரு கதவைத் திறந்தது: இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன். சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் 1898ல் அதை வைத்துத்தான் ஜெயித்தார்.

மார்ச் 12

பருத்தி பற்றிக் கேட்டார்கள். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம், கரிசல். போருக்கு முன்னால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பெரும்பகுதிப் பஞ்சு அமெரிக்கத் தெற்கிலிருந்து போனது. போரில் வடக்குக் கப்பற்படை துறைமுகங்களை அடைத்ததும் இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது. திருநெல்வேலிப் பஞ்சு தூத்துக்குடி வழியாக ஏற்றுமதியானது. 1865ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது, பம்பாயில் வங்கிகள் கவிழ்ந்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பஞ்சு வேண்டும் என்ற அதே நெருக்கடிதான் தெற்கில் நிலம் கிடைக்காததற்கு ஒரு காரணம். கடலோரத் தீவுகளில் சொந்தமாகப் பயிர் வைத்தவர்கள் முதலில் போட்டது மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளியும். தன் வயிற்றுக்குப் பிறகுதான் பஞ்சு. கரிசல்காட்டு விவசாயி யாரும் இதைத்தான் செய்வார். ஆனால் பாஸ்டன் ஆலைக்காரருக்கும் நியூயார்க் வங்கிக்காரருக்கும் அரசுக் கஜானாவுக்கும் வேண்டியது பஞ்சு. நிலம் சொந்தமாக இருந்தால் இவர்கள் பஞ்சு போடமாட்டார்கள் என்ற பயம் வடக்கிலேயே இருந்தது. 1870களின் முடிவில் அமெரிக்கப் பருத்தி போருக்கு முந்தைய அளவைத் தாண்டிவிட்டது.

பஞ்சமி நிலத்தோடு ஒப்பிடச் சொன்னவர் தனி இழை தொடங்குங்கள், நிச்சயம் வருகிறேன்.

மார்ச் 13

பருத்தி பழைய அளவைத் தாண்டியது எப்படி என்றால், வாரச் சாகுபடியில்.

நிலம் முதலாளியுடையது. உழைப்பு விடுதலையான இவர்களுடையது. விளைச்சலில் பாதி. விதை, கழுதை, ஏர் முதலாளி கொடுத்தால் அவர் பங்கு கூடும். அறுவடை வரை சாப்பிட வேண்டுமே, அதற்குக் கடை. கடையில் ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. நிற்கிற பயிரையே ஈடாக எழுதிக் கொடுத்தால்தான் கடன். பஞ்சு போட்டால்தான் ஈடு. வருஷக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள். நோட்டு கடைக்காரரிடம் இருக்கும். படிக்கத் தெரிந்தாலும் எதிர்த்துக் கேட்க முடியாது. பாக்கி நின்றால் அடுத்த வருஷமும் அதே நிலம், அதே கடை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாரம் என்பது ஆரம்பத்தில் இவர்களும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. முதலாளிகள் கேட்டது பழையபடி கூட்டமாக, மணியடித்து, கங்காணி வைத்து வேலை. அதற்கு மாட்டோம் என்று நின்றார்கள். குடும்பத்துக்குத் தனித் துண்டு, தனி வீடு, பெண்டாட்டி பிள்ளைகளை எவனும் அதட்டக்கூடாது. அதற்காக வாரத்தை ஏற்றார்கள். பஞ்சு விலை விழ விழ அதுவே கழுத்தை இறுக்கியது.

மார்ச் 15

ஹோம்ஸ்டெட் குடியேறிகளைப் பற்றி நான் எழுதியிருப்பது ஏதோ தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது, விரித்துச் சொல்கிறேன்.

நெப்ராஸ்காவிலும் கான்சஸிலும் மரம் இல்லை. புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்துச் செங்கல் போல அடுக்கி வீடு கட்டினார்கள். சுவர் இரண்டு மூன்று அடி தடிமன். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு. மழை ஒரு நாள் பெய்தால் கூரை மூன்று நாள் ஒழுகும். கூரையிலிருந்து மண்ணும் சில சமயம் பாம்பும் விழும் என்பதால் மெல்லிய துணியைக் கூரைக்குக் கீழே கட்டி வைப்பார்கள். எரிக்கக் காய்ந்த எருமைச் சாணம். முதல் வருஷம் பயிர் வராதபோது, சுட்டுக் கொன்று போட்டிருந்த காட்டெருமைகளின் எலும்பைப் பொறுக்கி ரயிலடியில் விற்றார்கள், உரத்துக்கும் சர்க்கரை சுத்திகரிக்கவும். 1874ல் வெட்டுக்கிளி வந்து பயிரை மட்டுமல்ல, கலப்பைக் கைப்பிடியைக்கூட அரித்தது. பெரும் பகுதியினர் ஐந்து வருஷம் முடிக்காமலே விட்டுப் போனார்கள். தனியாக நின்று நிலம் பெற்ற பெண்களும் உண்டு; மணமாகாதவரும் விதவையும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது, அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

இத்தனை கஷ்டத்துக்குப் பிறகும் 16 லட்சம் பேருக்குப் பட்டா கிடைத்தது. மொத்தம் 27 கோடி ஏக்கர். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைக்கவில்லை. அந்தப் பாட்டைப் படத் தயாராக இருந்த எடிஸ்டோ மக்களுக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது என்கிறேன். தெற்கில் 1866ல் ஒரு ஹோம்ஸ்டெட் சட்டம் போட்டார்கள்தான். கிடைத்தது பெரும்பாலும் சதுப்பும் பைன் காடும். 1876ல் அதையும் ரத்து செய்தார்கள். மரக் கம்பெனிகள் வாங்கிக்கொண்டன. அடுத்த வருஷம் தெற்கில் மிச்சமிருந்த ராணுவக் காவலும் விலகியது. 1879ல் ஆயிரக்கணக்கானோர் மிசிசிப்பியிலிருந்தும் லூசியானாவிலிருந்தும் படகேறிக் கான்சஸுக்குப் போனார்கள், இந்தப் பாம்பு விழும் வீட்டுக்குத்தான்.

மார்ச் 18

கேள்வி கேட்ட நண்பர் இறங்கி வந்திருக்கிறார்: "சரி, கொடுத்திருந்தாலும் அவர்கள் வைத்திருப்பார்களா? படிப்பில்லை, காசில்லை, இரண்டு வருஷத்தில் விற்றிருப்பார்கள்."

இதற்கு ஊகம் தேவையில்லை, நடந்தே பார்த்த இடம் இருக்கிறது. தென் கரோலினாவின் செயின்ட் ஹெலினா தீவு. எடிஸ்டோவுக்குக் கொஞ்சம் தெற்கே. 1861லேயே வடக்குக் கடற்படை வந்ததும் முதலாளிகள் ஓடிவிட்டார்கள். அவர்கள் கட்டாத நிலவரிக்காக அரசாங்கம் தோட்டங்களை ஜப்தி செய்து ஏலம் விட்டது. கறுப்பினக் குடும்பங்கள் சேர்த்து வைத்த காசைப் போட்டு, சில இடங்களில் கூட்டாகச் சேர்ந்து, ஏலத்தில் எடுத்தார்கள். பிறகு பத்து ஏக்கர் பத்து ஏக்கராகவும் விற்றார்கள். இவர்கள் கையில் ஏலக் கிரயம் இருந்தது. ஜான்சனின் மன்னிப்பு இவர்களைத் தொட முடியவில்லை.

பக்கத்து ஊரான பியூஃபோர்ட்டில் ராபர்ட் ஸ்மால்ஸ் இருந்தார். 1862ல் தெற்குப் படையின் கப்பலையே சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு தப்பித்தவர், பின்னால் காங்கிரஸ் உறுப்பினர். தான் அடிமையாகப் பிறந்த வீட்டையே வரி ஏலத்தில் வாங்கினார். பழைய சொந்தக்காரர் தரப்பு வழக்குப் போட்டது. 1878ல் உச்ச நீதிமன்றம் ஏலம் செல்லும் என்றது.

எடிஸ்டோவும் செயின்ட் ஹெலினாவும் ஒரே கடற்கரை, ஒரே பயிர், ஒரே மக்கள். ஒரு பக்கம் சுவாதீனச் சீட்டு, ஒரு பக்கம் கிரயம். நான் ஒருமுறை செயின்ட் ஹெலினாவில் கார் நிறுத்தி ஒரு சாலையோரக் கடையில் இறால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே கடைக்காரம்மாவிடம் பேசினேன். இந்த இடம் யாருடையது என்று கேட்டதற்கு, கொள்ளுத்தாத்தா வாங்கியது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

மார்ச் 19

இன்னொரு கணக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் கொடுக்காத தெற்கில், கடன், மிரட்டல், கொலை எல்லாம் தாண்டி, அவர்களாகவே காசு சேர்த்து வாங்கி, 1910ல் கறுப்பின விவசாயிகளிடம் சுமார் ஒன்றரைக் கோடி ஏக்கர் இருந்தது. சேமிப்பிலும் ஏமாந்தார்கள்: 1865ல் காங்கிரஸே சட்டம் போட்டு அமைத்த ஃபிரீட்மென்ஸ் சேமிப்பு வங்கி 1874ல் மூழ்கியபோது அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டிருந்தார்கள், பாதிக் காசுகூடப் பலருக்குத் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் வாங்கினார்கள். விற்றிருப்பார்கள் என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

மார்ச் 22

கடைசியாக, அந்த நிலம் இப்போது எங்கே என்று கேட்டவருக்கு.

நிறையப் போய்விட்டது. பெரிய காரணங்களில் ஒன்று நம் ஊரிலும் தெரிந்ததுதான்: தாத்தா உயில் எழுதவில்லை, பாகப்பிரிவினை நடக்கவில்லை, பெயர் மாற்றவில்லை. மூன்று தலைமுறையில் ஒரே நிலத்துக்கு நாற்பது ஐம்பது வாரிசு. வெள்ளைக்காரர் கோர்ட்டை நம்பாததால் பத்திரம் பக்கமே போகாதவர்கள் அதிகம். சிகாகோவில் இருக்கிற ஒரு பேரனிடம் அவன் பங்கை ஒரு கம்பெனி வாங்கும், வாங்கிய கையோடு மொத்த நிலத்தையும் ஏலம் விடச் சொல்லி வழக்குப் போடும், ஏலத்தில் அதே கம்பெனி எடுக்கும். ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956ல் பாலம் வந்த பிறகு அந்தக் கடற்கரை முழுக்க இது நடந்தது.

2016ல் தென் கரோலினா இதற்கு ஒரு சட்டம் போட்டது. சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 2015ல் சுட்டுக் கொல்லப்பட்ட போதகரும் மாநில செனட்டருமான கிளமென்டா பிங்க்னியின் பெயரில். இனி ஒரு பங்காளி விற்கச் சொல்லி வழக்குப் போட்டால், முதலில் நிலத்துக்கு மதிப்பு போட வேண்டும், அந்த விலையில் மற்ற வாரிசுகள் வாங்கிக்கொள்ள வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் விற்பதென்றால் அடிமாட்டு விலைக்கு ஏலம் விடாமல் சந்தை விலைக்கு விற்க வேண்டும்.